மூன்றாவது அடியின் நிதானம்

பிக்கிள்பால் என்னும் புதிய பந்தாட்டம் சென்னையிலும் பெங்களூரிலும் மொட்டை மாடிகளையும் காலி மனைகளையும் பிடித்துக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஆடப்படுகிற நாகரிகப் பொழுதுபோக்காக வளர்ந்துவருவதைப் பார்க்கிறவர்கள், அது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்றும், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் எண்ணிவிடுவது இயல்பே. என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. அந்த ஆட்டத்தில் பணம் கொடுத்து வாங்கக்கூடியவை மட்டை, பந்து, தரை ஆகிய மூன்றுமே. பணத்துக்கு அகப்படாததும், ஆட்டத்தின் உயிர்நாடியாக இருப்பதும், பழகியவர்கள் ‘தேர்டு ஷாட் டிராப்’ என்று சொல்கிற லாகவம். அதாவது, மூன்றாவது அடியாகப் பந்தை மெல்லத் தூக்கி எதிர்க்கட்சியின் வலையோரத்தில் இறக்கிவைப்பது. அதைக் கற்பதற்கு வேண்டியவை அவகாசமும், எதிரே நின்று பந்தைத் திருப்பித் தர ஒரு துணையும், ஒரே காரியத்தை நாள்தோறும் செய்வதில் சலிக்காத மனமுமே. இவை மூன்றும் நகரத்தைவிடக் கிராமத்தில் குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆட்டத்தின் பூர்வோத்தரம் சுருக்கமானது. 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சார்டு, பில் பெல், பார்னி மெக்கல்லம் என்ற மூன்று நண்பர்கள், வீட்டுப் பிள்ளைகளின் பொழுது போவதற்காக, பழைய இறகுப்பந்துத் தரையில் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்துக்கொண்டு உண்டாக்கிய ஆட்டம் இது. தரையின் அளவு இன்றும் இறகுப்பந்து இரட்டையர் தரையின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலையை மட்டும் தாழ்த்திவிட்டார்கள். ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வளாவல்கர்; 2008இல் அகில இந்தியச் சங்கம் ஒன்று தோன்றியது; 2025இல் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக் போட்டியில் சென்னையின் பெயரிலும் ஓர் அணி ஆடியது; அதே ஆண்டில் இந்திய பிக்கிள்பால் சங்கத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. இனி இதைப் பள்ளிக்கூடங்களும் கவனிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே, எந்த முறையில் கற்பிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்துவிடுவது நல்லது.

மூன்றாவது அடிக்கு இத்தனை மகத்துவம் வந்ததன் காரணம் ஆட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. வலைக்கு இரு புறமும் ஏழடி அகலத்துக்குக் கோடு கிழித்து, ‘கிச்சன்’ என்று வழங்கும் அந்தப் பகுதிக்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கலாகாது என்று ஒரு விதி உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும் கட்சி போடுகிற பந்து எதிர்ப்புறத்தில் ஒரு முறை தரையில் பட்டெழுந்த பின்னரே அடிக்கப்பட வேண்டும்; அது திரும்பி வரும்போது இப்புறத்திலும் ஒரு முறை பட்டெழுந்த பின்னரே அடிக்கப்பட வேண்டும் என்பது இன்னொரு விதி. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு விசித்திரமான நிலையை உண்டாக்குகின்றன. பந்தைப் பெறுகிற கட்சியில் ஒருவர் முதலிலேயே கிச்சன் கோட்டருகில் நிற்கலாம். மற்றவர் பந்தை ஆழமாகத் திருப்பிவிட்டு ஓடிவந்து அவரோடு சேர்ந்துகொள்ளலாம். போட்ட கட்சியோ, பந்து தரையில் பட்டெழும் வரை கடைக்கோட்டிலேயே காத்துக் கிடக்க வேண்டும். பழைய முறைக் கணக்கில் புள்ளி எடுக்கும் உரிமை பந்து போடும் கட்சிக்கு மட்டுமே உண்டு. ஆனால் புள்ளி எடுப்பதற்குத் தோதான இடமோ எதிர்க்கட்சியின் வசத்தில் இருக்கிறது. உரிமை ஒரு பக்கமும் சௌகரியம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் இந்தச் சந்தர்ப்பத்தில், உரிமையுள்ளவர் சௌகரியத்தையும் பெறுவதற்காகச் செய்கிற பிரயத்தனமே மூன்றாவது அடி.

அந்த அடி போகும் வழியைச் சற்றே உற்றுப் பார்க்கலாம். அடிப்பவர் நிற்கும் கடைக்கோட்டிலிருந்து வலை 22 அடி தூரம். எதிராளிகள் இருவரும் மட்டையை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கும் கோடு 29 அடி தூரம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏழடிக்குள் பந்து விழவேண்டும். நேராக அடித்தால் அது அவர்களுடைய மார்பு உயரத்தில் போய்ச் சேரும். அவர்கள் தடுத்தாலே போதும், நம் காலடியில் வந்து விழும். மிகவும் உயரத் தூக்கிவிட்டாலோ, மேலிருந்து அறைய அவர்களுக்கு நாமே வசதி செய்து கொடுத்ததாகும். ஆகையால் பந்து தன் பயணத்தின் உச்சியை நம் பக்கத்திலேயே, வலையை எட்டுவதற்குச் சற்று முன்னரே தொட்டுவிட்டு, வலையைக் கடக்கும்போதே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இறங்கிய பந்து கிச்சனுக்குள் தாழ எழும். வலையின் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற அதை எவ்வளவு பெரிய பலசாலியும் மேல்நோக்கித்தான் எடுத்தாக வேண்டும். அவர் குனிந்து அதை எடுக்கிற அந்தச் சில க்ஷணங்களில், கடைக்கோட்டில் கிடந்தவர்கள் நடந்து முன்னேறி, அவர்களுக்குச் சமமாகத் தங்கள் கிச்சன் கோட்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். இந்த அடியால் புள்ளி எதுவும் கிடைப்பதில்லை. கிடைப்பது சமநிலை ஒன்றுதான்.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பார்த்தவர்கள், வடம் பிடிக்கும் கூட்டத்தின் ஆரவாரத்தில் மனம் செலுத்துவார்களேயன்றி, சக்கரத்தின் அருகே குனிந்து நடந்து, தேர் எந்தக் கணத்தில் நிற்கவேண்டும், எந்தத் திசையில் திரும்பவேண்டும் என்பதை ஒரு மரக்கட்டையைச் செருகித் தீர்மானிக்கிற ஆளைக் கவனிப்பது அபூர்வம். முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு இழுக்கும் பலம் வேண்டியதில்லை; வேகத்தின் போக்கு தெரிந்திருக்க வேண்டும், கை பதறாமல் இருக்க வேண்டும். மூன்றாவது அடிக்கு வேண்டிய சாமர்த்தியமும் அதுவே. வேகத்தோடு வருகிற பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் திருப்பிக் கொடுப்பது பலத்தின் காரியமன்று.

புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு மைதானத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்த பந்தையெல்லாம் வலையிலேயே கொண்டுபோய் அறைந்துகொண்டிருந்தான். “கையை இறுக்காதேடா தம்பி. மட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி புடி” என்று பயிற்றுவிப்பவர் சொல்லச் சொல்ல, அவன் பொறுமையிழந்து, “ஓங்கி அடிச்சா என்ன சார்?” என்று கேட்டான். “அடிச்சுப் பாரு. அவங்க ரெண்டு பேரும் எங்கேயும் போயிடல, அங்கேயேதான் நிக்கறாங்க” என்றார் அவர். பையன் ஓங்கி அடித்தான். எதிரே நின்றவர்களில் ஒருவர் மட்டையை அசைக்கக்கூட இல்லை, வெறுமனே நீட்டினார். பந்து பையனுடைய வலது காலருகே வந்து விழுந்து உருண்டு போயிற்று. பையனின் முகத்தில் தோன்றியது வெட்கமன்று, ஆச்சரியம். அதன் பிறகுதான் அவன் முழங்காலை மடக்கி, மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையை முன்னே கொண்டுபோகும் அப்பியாசத்துக்கு இசைந்தான்.

அந்தப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. குற்றம் நம் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. நம் ஊர்களில் எந்த விளையாட்டையும் தொடங்கிய மறு மாதமே ஒரு போட்டி, ஒரு கோப்பை, ஒரு மேடை என்று ஏற்பாடாகிவிடுகிறது. கற்றுக்குட்டிகளுக்கிடையில் நடக்கும் போட்டியில் ஓங்கி அடிக்கிறவனே ஜயிப்பான். ஏனென்றால் எதிரே நிற்பவனுக்கு அந்த அடியைத் தடுக்கத் தெரியாது. அந்த ஜயம் ஒரு பொய்யான பாடத்தைக் கற்பித்துவிடுகிறது. கோப்பை வாங்கிய பிள்ளை அதே அடியையே மேலும் மேலும் பழகும்; தடுக்கத் தெரிந்தவர்கள் எதிரே வந்து நிற்கும் மாநில அளவுக்குப் போகும்போது, கையில் வேறு வித்தை எதுவும் இராது. அதற்குள் பதினாறு பதினேழு வயது ஆகிவிடுகிறது. இறுகிப் பழகிய கையை இளக்குவது, புதிய கைக்குக் கற்பிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கடினம். ஆகையால், மென்மையான அடியை முதலிலும் வலிமையான அடியைப் பின்னரும் கற்பிக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். மென்மை பழகிய கை வேகத்தைச் சில வாரங்களில் பற்றிக்கொள்ளும். வேகம் பழகிய கை மென்மைக்குத் திரும்புவது அரிது.

கற்பிக்கும் வழியில் ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரை இரு புறத்துக் கிச்சன் கோடுகளிலும் நிறுத்தி, பந்து ஒருவர் கிச்சனிலிருந்து மற்றவர் கிச்சனுக்குள்ளேயே விழும்படி, தாழ்வாகவும் மெதுவாகவும் அடிக்கச் சொல்ல வேண்டும். அது தப்பாமல் நடக்கத் தொடங்கியதும் ஒருவர் மட்டும் இரண்டு தப்படி பின்வாங்கி, அங்கிருந்து அதே பந்தை அதே இடத்தில் இறக்க வேண்டும். பின்பு நடுத்தரை, அதன் பின்பே கடைக்கோடு. தூரம் கூடும்போது மாறவேண்டியது தூக்கும் அளவே. மட்டையின் முகம் சற்றே வானம் பார்த்திருப்பதும், பந்தை உடலுக்கு முன்னால் சந்திப்பதும், பிடி தளர்ந்திருப்பதும் எல்லாத் தூரத்துக்கும் பொது. இந்தப் பயிற்சிக்குப் புள்ளிக் கணக்கும் வேண்டியதில்லை, நடுவரும் வேண்டியதில்லை. பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு கோணியை விரித்துவிட்டால், சரியாக விழுந்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கு நம் கொம்யூன்களில் இருக்கும் அநுகூலங்களைச் சொல்லவேண்டும். தஞ்சாவூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம், கட்சிக்கு ஐவராக, மஞ்சள் கம்பளிப் பந்தை ஆறடி வலைக்கு மேலே ஆடும் அந்த ஆட்டம், தமிழ்நாட்டுச் சிற்றூர்களைப் போலவே இப்பகுதியிலும் தெரிந்த ஆட்டமே. அதில் பழகியவருக்குப் பந்தின் போக்கைக் கணிக்கும் கண்ணும், இரட்டையரில் துணையோடு இசைந்து நகரும் காலும் முன்னரே வாய்த்திருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. பூப்பந்தைத் தரையில் விழாமல் காற்றிலேயே எடுக்கவேண்டும். அதனால் கை உயர்ந்தும் மணிக்கட்டு துடிப்போடும் இருப்பது வழக்கம். பிக்கிள்பாலில் மூன்றாவது அடியோ, முழங்காலின் மட்டத்தில், பந்து பட்டெழுந்து மறுபடி தாழும் வேளையில், மணிக்கட்டை அடக்கி எடுக்க வேண்டியது. கண்ணும் காலும் பழையவையே போதும். கைக்கு மட்டும் புதிய பாடம் வேண்டும்.

தரையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களங்களை நினைத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலம் போக மற்ற மாதங்களில் வெறுமனே கிடக்கும் களம் ஒன்றில், சுண்ணாம்பால் 44 அடிக்கு 20 அடி கோடு கிழித்து, இரண்டு முளைகளில் வலையைக் கட்டினால் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் இறகுப்பந்துத் தரை இருந்தால் அந்த வேலையும் பாதியாகக் குறைந்துவிடும். காற்று ஒன்றுதான் இடையூறு. பந்து டென்னிஸ் பந்தின் பாதி எடைகூட இல்லாதது, உடலெங்கும் துளையுள்ளது. ஆடி மாதத்து மேல்காற்றும், பிற்பகலில் எழும் கடற்காற்றும் அதைத் தம் இஷ்டப்படி கொண்டுபோகும். ஆயினும், காலையில் காற்று எழுமுன் பழகி, மாலையில் காற்றோடு போராடிப் பழகிய கைக்கு, சுவருக்குள் அடைத்த நகரத்துத் தரை சிரமமாக இராது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இக்காலத்து மட்டைகள் கார்பன் இழையால் ஆனவை, பந்தைச் சுழற்றி வேகமாக அனுப்பவல்லவை. உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் பலர் மூன்றாவது அடியையே ஓங்கி அடிக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, இன்று பெண்கள் ஆட்டத்தின் சிகரத்தில் இருக்கும் அமெரிக்கப் பெண் ஆனா லீ வாட்டர்ஸின் ஆட்டமே ஆவேசமானது. அப்படியிருக்க, மெல்ல இறக்குவது பழைய சித்தாந்தம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பந்து உயரமாகவும் குட்டையாகவும் வந்தால் ஓங்கி அடிப்பதே புத்திசாலித்தனம். ஆனால் அவ்வாறு அடித்த பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வருகிறபோது, அந்த ஐந்தாவது அடியை அதே ஆட்டக்காரர்கள் மெல்ல இறக்கிவிட்டுத்தான் முன்னேறுகிறார்கள். வேகம் வந்ததால் மென்மையான அடியின் முறை தள்ளிப்போயிருக்கிறதேயொழிய, அதன் அவசியம் போய்விடவில்லை. இரண்டு அடியும் கைவசம் உள்ளவன் எதை அடிக்கப்போகிறான் என்று எதிராளி கலங்குவான். ஒன்றே தெரிந்தவனைப் பற்றி எவருக்கும் கலக்கமில்லை.

மென்மையால் உலகத்தை வென்ற மரபு தமிழர்க்கு அந்நியமானதும் அன்று. தந்தை டி. கே. ராமநாதனிடம் டென்னிஸ் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1961இல் கால் இறுதியில் அவரிடம் நேர் செட்டுகளில் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சன். கிருஷ்ணனிடம் இடிபோன்ற சர்வீஸ் இல்லை. பந்தை வைக்கும் இடமறிந்து வைக்கும் கை இருந்தது. அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸோ இன்னும் மெதுவானது; ஆயினும் அவர் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார், 1987இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்ற அணியில் முக்கியமானவராக இருந்தார். உடல் வலிமையில் எதிராளிகளைவிடக் குறைந்திருந்தும் நிதானத்தால் அவர்களைச் சரிக்கட்டியவர்கள் இவ்விருவரும். நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேண்டியதில்லை.

கபடியும் பூப்பந்தும் இருக்க அந்நிய ஆட்டம் எதற்கு என்று கேட்கிறவர்களின் அபிமானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் புதுச்சேரியில் வாழ்கிறவர் அக்கேள்வியைக் கேட்பது சற்று வேடிக்கையானது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பெத்தாங்க் என்னும் இரும்புக்குண்டு ஆட்டத்தை, குண்டை உயரத் தூக்கிப் போட்டுச் சின்ன மரக்குண்டின் அருகே அடங்கி நிற்கச் செய்யும் அந்த நுட்பமான ஆட்டத்தை, இன்றும் இங்கே ஆடுகிறவர்கள் தமிழர்களே. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த துத்திப்பட்டில் கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம் எழுந்தபோது, கிரிக்கெட் எந்த நாட்டு ஆட்டம் என்று எவரும் விசாரிக்கவில்லை. ஆட்டம் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதை ஆடுகிறவருக்கு அது எந்தக் குணத்தைத் தருகிறது என்பதே கேட்கத் தக்க கேள்வி. அறுபது வயதுத் தாத்தாவும் பதினான்கு வயதுப் பேத்தியும் ஒரே கட்சியாக நின்று, இளங்காளைகள் இருவரை எதிர்த்து நியாயமாக ஆடக்கூடிய ஆட்டங்கள் அதிகம் இல்லை. அது இங்கே சாத்தியமாவதற்குக் காரணம், மெல்ல இறக்கிய பந்து பலத்தின் மிச்சத்தை அழித்துவிடுவதுதான்.

எஞ்சியிருப்பது செலவைப் பற்றிய விஷயம். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் நடந்துவந்ததையும், அதற்காக மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதையும் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கற்பதும் கற்பிப்பதும் அவசரமின்றி நடப்பதற்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தார்கள். நாமோ, விளையாட்டுக்கு என்று பணம் ஒதுக்கினால் தரைக்கு வர்ணம் பூசுவதிலும் பரிசளிப்பு விழாவிலும் செலவழித்துவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பித் தரவேண்டிய உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த அவகாசத்தை ஏற்படுத்திக்கொடுக்க மறந்துவிடுகிறோம்.

ஆகவே, வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அப்பகுதிப் பள்ளிகளும் இந்த ஆட்டத்தை ஏற்பதாக இருந்தால், முதல் ஆண்டில் கோப்பைப் போட்டியே வைக்க வேண்டாம் என்பது என் யோசனை. அந்த ஆண்டு முழுவதும் கிச்சன் கோட்டிலிருந்து கடைக்கோடு வரை பின்வாங்கிப் பின்வாங்கிப் பழகுவதே பாடமாக இருக்கட்டும். போட்டிக்குச் செலவாகும் தொகை ஆசிரியரின் மாலை நேரத்துக்கும், உடைந்த பந்துகளுக்குப் பதில் புதியவை வாங்குவதற்கும் போகட்டும். இரண்டாம் ஆண்டில் வேகத்தைக் கற்பிக்கலாம். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பலாம். இந்த முறையில் வளர்ந்த பிள்ளைகள் எந்த நகரத்துக் கட்சியோடும் சமமாக நின்று ஆடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவசரப்பட்டு வேறு வழியில் போனால், பளபளக்கும் தரை நம் ஊரிலும், அதில் ஆடத் தெரிந்தவர்கள் நகரத்திலுமாக இருப்பார்கள்.